கண் இவளுடையது, பெயர் அவளுடையது

பொலிஸார் தாக்கல் செய்த பி அறிக்கையில் ஒரு வாக்கியம் இருந்தது: சந்தேகநபர் வேறொருவருடைய பிறப்புச் சான்றிதழைக் காட்டிக் கடவுச்சீட்டுப் பெற்றிருக்கிறார். வாக்கியத்தில் பிழையில்லை. ஆனால் எந்தக் கடவுச்சீட்டு? பொலிஸார் குறித்தது 2013 இல் எடுத்த இரண்டாவதை. உண்மையில் பொய்யானது 2004 இல் எடுத்த முதலாவது. நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் நான் ஆஜரான அந்த வழக்கு, தொடக்கம் முதல் முடிவு வரை இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

என் கட்சிக்காரி தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாக ஏறிப் போகும் பாதை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தக நோக்கில் பயிரிடத் தொடங்கிய லூல்கந்துர தோட்டமும் அந்த மலைப்பகுதியில்தான் இருக்கிறது. இலங்கைத் தேயிலைக்கு அங்கே பிறந்த ஆண்டு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பிறந்த ஆண்டோ பல வீடுகளில் இன்றைக்கும் வாய்க்கணக்குத்தான்.

2004 இல் அவளுக்கு வயது பதினைந்து. தாய் இறந்து, தகப்பனும் நோயில் கிடந்த வீடு. வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்கு ஆள் சேர்க்கும் சப் ஏஜென்ட் ஒருவர் லயத்துக்கு வந்தார். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவதற்கு வயதெல்லை உண்டு. அந்த எல்லையை அவள் எட்ட இன்னும் பல வருடங்கள் இருந்தன. பெரியம்மா மகள், அவள் அக்கா என்று கூப்பிடும் பெண், அப்போது இருபத்துநான்கு வயதுக்காரி, அதே தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அந்த அக்காவின் பிறப்புச் சான்றிதழ் எப்படியோ சப் ஏஜென்ட்டின் கைக்குப் போயிற்று. அதை வைத்து எடுத்த கடவுச்சீட்டில் அக்காவின் பெயர், அக்காவின் பிறந்த திகதி. படம் மட்டும் இவளுடையது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். விமானம் ஏறினாள்.

வளைகுடா நாடொன்றில், ஒரு வீட்டில், சம்பளமில்லாத வேலை. பிறகு அங்கிருந்து தப்பி ஓட்டம், இன்னும் சில காலம் வெளியில் ஒளிந்து வேலை, பிடிபடல், 2007 இல் நாடுகடத்தல். ஏற்றி அனுப்பும் முன் ஒரு கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். என்னிடம் அவள் அதைச் சொன்ன விதம் மறக்கவில்லை: “பொட்டிக்குள்ள பாக்கச் சொன்னாங்கய்யா. பாத்தேன். அப்புறம் யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல.”

ஊர் திரும்பினாள். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். தன் சொந்தப் பெயரில் தேசிய அடையாள அட்டை எடுத்தாள், தன் சொந்தப் பிறப்புச் சான்றிதழை வைத்து 2013 இல் கடவுச்சீட்டும் எடுத்தாள். அப்போது எவரும் தடுக்கவில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் விண்ணப்பதாரர்களின் விரல் அடையாளத்தைப் பெறத் தொடங்கியது 2015 இல்தான். முதல் கடவுச்சீட்டுக்காரியும் இரண்டாம் கடவுச்சீட்டுக்காரியும் ஒருத்திதான் என்று காட்டக்கூடிய எதுவும் அதுவரை கொழும்பில் இல்லை. அது இருந்த ஒரே இடம் அந்த வளைகுடா நாட்டின் கணினி. 2014 இல், எல்லாம் முறைப்படி பதிந்து, அதே நாட்டுக்கே மறுபடியும் வேலைக்குப் போனாள். அங்கே குடிவரவு வாயிலில் கண்ணைக் காட்டினாள். அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டாள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவளோடு வந்திறங்கிய தாளில், அவளுடைய உண்மைப் பெயர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது. அவளுடைய சொந்தப் பெயர் புனைபெயராகப் பதிவாகியிருந்தது.

அந்தத் தாளை எழுதிய அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். எது முதலில் பதிவானதோ அதுவே அசல், பிறகு வருவது அதன் போலி என்பது அந்த அமைப்புக்குள் கட்டப்பட்ட நியாயம். நம் பொலிஸாரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இருபத்தைந்து வயதுப் பெண், முப்பத்துநான்கு வயதுக் குற்றவாளியாக நீதவான் முன் நிறுத்தப்பட்டாள்.

விமான நிலையங்களின் இந்தத் தானியங்கி வாயில்கள் என்ன செய்கின்றன என்பதை அந்த வழக்குக்காகத்தான் முதன்முதலில் ஆழமாகப் படித்தேன். பயணிகள் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணுவார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டு வேறுபட்ட வேலைகள் அங்கே நடக்கின்றன. முதலாவது, ஒருவரைத் தன் தாளோடு ஒப்பிடுவது. கடவுச்சீட்டின் அடியிலுள்ள இரண்டு வரிகளை இயந்திரம் வாசிக்கிறது. வரிக்கு 44 எழுத்து, உலகம் முழுதும் ஒரே அளவு, சர்வதேச சிவில் விமான அமைப்பு வகுத்த தரம். சில்லு உள்ள கடவுச்சீட்டானால் அதிலுள்ள படத்தையும், அதை வழங்கிய நாட்டின் மின் கையொப்பத்தையும் எடுத்துச் சரிபார்த்து, முன்னால் நிற்பவரின் முகத்தோடு ஒப்பிடுகிறது. இரண்டாவது வேலை முற்றிலும் வேறு: முன்னால் நிற்பவரை, சேமித்து வைத்த எல்லோரோடும் ஒப்பிடுவது. என் கட்சிக்காரிக்கு நடந்தது இரண்டாவது.

அதில் முன்னோடி ஐக்கிய அரபு அமீரகம். நாடுகடத்தப்பட்டவர்கள் புதுப் பெயரில், புதுக் கடவுச்சீட்டில் திரும்பி வருவதைத் தடுக்க, 2000களின் தொடக்கத்திலேயே கருவிழியைப் பதியும் முறையை அந்நாடு எல்லைகளில் வைத்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜோன் டோக்மன் கண்டுபிடித்த கணிதமுறை அது. ஒரு கண்ணின் கருவிழிக் கோலத்தை 2048 இருமக் குறிகளாக மாற்றிவிடும். பிறகு இலட்சக்கணக்கான பதிவுகளோடு நொடிகளில் ஒப்பிடும். அகப்படாமலிருக்கக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு. அதையும் கண்டுபிடிக்க வழி செய்தார்கள். பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், கருவிழியை மாற்ற முடியாது. இந்தத் திறமையை நான் நீதிமன்றத்தில் மறுக்கவே இல்லை. 2007 இல் வெளியேறியவளும் 2014 இல் வந்தவளும் ஒருத்திதான் என்று அந்தக் கருவி சொன்னது சத்தியம்.

அதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் அதற்குத் தெரியாது. ஒரு கண், இரண்டு தாள். எந்தத் தாள் பொய் என்பது கண்ணில் எழுதப்பட்டிருக்கவில்லை.

கடவுச்சீட்டின் அந்த இரண்டு வரிகளில் சரிபார்ப்பு இலக்கம் என்று ஒன்று உண்டு. பிறந்த திகதியின் ஆறு இலக்கங்களையும் முறையே 7, 3, 1 என்று மாறிமாறிப் பெருக்கி, கூட்டி, வரும் தொகையின் கடைசி இலக்கத்தைப் பக்கத்தில் அச்சிடுவார்கள். வாசிப்பில் பிழை நேர்ந்தால் இது காட்டிக்கொடுக்கும். பொய்யைக் காட்டிக்கொடுக்காது. மூதூரைச் சேர்ந்த பணிப்பெண் ரிசானா நபீக்கை நினையாமல் இதை என்னால் எழுத முடியவில்லை. பிறப்புச் சான்றிதழின்படி அவள் பிறந்தது 1988 பெப்ரவரி 4. சவூதிக்கு அனுப்ப ஆட்கள் தயாரித்த கடவுச்சீட்டில் 1982 பெப்ரவரி 2. அவள் பராமரித்த குழந்தை 2005 இல் இறந்தது, கொலைப்பழி அவள்மேல் விழுந்தது. அவள் பதினேழு வயதுச் சிறுமி என்று சொல்லப்பட்டது எடுபடவில்லை. 2013 ஜனவரி 9 அன்று அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். கடவுச்சீட்டு விவரங்களைப் பொய்யாக்கிய இரண்டு பயண முகவர்களுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் விதித்தது இரண்டு வருடச் சிறை. அந்த இரண்டு பிறந்த திகதிகளையும் எடுத்து, 7, 3, 1 கணக்கை ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்தேன். 880204 என்பதற்குத் தொகை 98. 820202 என்பதற்கு 78. இரண்டுக்கும் கடைசி இலக்கம் 8. ஒரு சிறுமியின் உயிர் தொங்கிய வித்தியாசம் அந்தக் கணக்கில் ஓர் இலக்கத்தைக்கூட அசைக்கவில்லை.

என் கட்சிக்காரியின் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது ரிசானாவின் தண்டனை நடந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. தாள் பொய்யாக இருந்தால் அதைச் சுமப்பவள்தான் தண்டனையையும் சுமக்கிறாள் என்பதை அந்நாட்களில் மலையகத்தில் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மலையக மக்களுக்குத் தாள் என்பது எப்போதும் மற்றவர் எழுதித் தந்த ஒன்று. 1901 முதல் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களுக்குத் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிவிட்டார்கள். அந்தத் தகரத்தைப் பார்த்தே வழி நெடுகிலும் ஆளைக் கைமாற்றினார்கள். பெயரைக் கேட்கத் தேவையில்லாதபடி செய்த ஏற்பாடு அது. பின்னாட்களில் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பு, பரிசோதனை, பதிவு. 1948 இன் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டபோது, பெரும்பாலானவர்களிடம் காட்ட எதுவும் இருக்கவில்லை. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. என் கட்சிக்காரியின் பாட்டனாரின் உடன்பிறந்தார் குடும்பம் அப்படித்தான் திருச்சிப் பக்கம் போயிற்று. இங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்கள் எல்லோருக்கும் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம். அது நிறைவேறிய அடுத்த வருடம்தான் சப் ஏஜென்ட் அந்த லயத்துக்குள் வந்தார். தலைமுறைகளாகத் தாளில்லாமல் இருந்த மக்களிடம், தாள் செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தால் கதவு திறக்கத்தான் செய்யும். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அந்தத் தாளை வாசித்துப் பார்த்தாயா என்று கேட்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நீதிமன்றத்துக்கு வரலாறு போதாது, சாட்சியம் வேண்டும். இருவரும் இரண்டு பேர் என்று நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவேட்டின் உறுதிப்படுத்திய பிரதிகள் இரண்டு. தோட்டப் பாடசாலையின் சேர்விடாப்பு: ஒன்பது வருட இடைவெளியில், வேறு வேறு தகப்பன் பெயர்களோடு இரண்டு பிள்ளைகள். கடமையைச் செய்யும் உத்தியோகத்தர் அரச பதிவேட்டில் இடும் குறிப்பு, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவின்படி ஏற்புடையது. இவையெல்லாம் இருவர் பிறந்தார்கள் என்பதைக் காட்டின. வெளிநாடு போனவள் யார் என்பதைக் காட்டவில்லை.

அதைக் காட்டியது தோட்டத்துச் செக்ரோல். மூப்பர்களும் கணக்கப்பிள்ளைகளும் நாள்தோறும் பெயர் போடும் அந்த நீளப் புத்தகத்தில், 2004 முதல் 2007 வரை, அக்காவின் பெயருக்கு நேரே வேலை நாட்கள் வரிசையாக விழுந்திருந்தன. அந்த நாட்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கழிக்கப்பட்டுக் கட்டப்பட்டிருந்தது. வளைகுடாவில் ஒரு வீட்டுச் சமையலறையில் நின்றவள் அதே மாதத்தில் தெல்தோட்டை மலையில் கொழுந்து நிறுத்திருக்க முடியாது. தோட்ட அலுவலகத்தில் பழைய புத்தகங்களைக் கறையான் அரிக்கவிடாமல் பாதுகாத்து வைத்திருந்த எழுதுவினைஞர் ஒருவருக்கு இந்த வழக்கு பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

குறுக்கு விசாரணையில் பொலிஸ் உத்தியோகத்தர், அந்நாட்டு இயந்திரம் தவறு செய்யாது என்றார். செய்யவில்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன். அந்தக் கண்ணுக்குப் பெயரை இயந்திரத்துக்குச் சொன்னது எது என்று கேட்டேன். கடவுச்சீட்டு என்றார். கடவுச்சீட்டுக்குச் சொன்னது? பிறப்புச் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்கு உரியவள் யார் என்று விசாரித்தீர்களா? இல்லை என்றார். அவர் நேர்மையான மனிதர். சுற்றி வளைக்காமல் சொன்னார். அதன் பிறகுதான் அக்காவைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தேன். நாட்டின் எல்லைக்கு அப்பால் ஒரு நாளும் போயிராத பெண், தன் அடையாள அட்டையை நீட்டி, தன் பெயரைச் சொன்னாள். பி அறிக்கையில் குற்றவாளியின் உண்மைப் பெயர் என்று இருந்த அதே பெயர். நீதவான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவிடம், உனக்கு இதில் என்ன நட்டம் என்று கேட்டார். “எம்பேர்ல ஒருத்தி நாடு கடத்தப்பட்டிருக்காளே சாமி, நாளைக்கி நான் எங்கனாச்சும் போவ முடியுமா?” என்றாள். நான் தயாரித்து வைத்திருந்த எழுத்துச் சமர்ப்பணத்தில் அவ்வளவு தெளிவான வாக்கியம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது கடவுச்சீட்டு உண்மையானது என்பதால் அது பற்றிய குற்றச்சாட்டு மீளப்பெறப்பட்டது. முதலாவதைப் பற்றி, பொய் விவரம் தந்தவர் வேறொருவர், சந்தேகநபர் அப்போது சிறுமி, அறிந்து செய்ததாகக் கொள்ள முடியாது என்று நீதவான் அவளை விடுவித்தார். சப் ஏஜென்ட்டைத் தேடச் சொன்ன உத்தரவு, அவர் தந்திருந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என்பதோடு நின்றது.

இலங்கை நீதிமன்றம் இருவரையும் பிரித்து வைத்தது. அந்த வாயில் இன்னும் பிரிக்கவில்லை. அங்கே இவளுடைய கண்ணும் அவளுடைய பெயரும் ஒட்டியே கிடக்கின்றன. கண்ணால் இவள் தடைபட்டாள், பெயரால் அவள். நீதவானின் உத்தரவை இணைத்து, உரிய வழியாக நாங்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இன்றுவரை மறுமொழி இல்லை.

எனக்கு இதில் உள்ள வருத்தம் இயந்திரத்தின் மேல் அல்ல. நீளமான வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கு, சில நொடிகளில் திறக்கும் வாயில் நல்லதுதான். இந்தியா 2024 ஜூனில் தில்லியிலும், 2025 ஜனவரியில் சென்னை உட்பட வேறு ஏழு நிலையங்களிலும் முன்பதிவு செய்த தன் குடிமக்களுக்கும் வெளிநாட்டு இந்தியருக்கும் இத்தகைய வாயில்களைத் திறந்தது. ஐரோப்பாவின் ஷெங்கன் எல்லைகளில் 2025 ஒக்டோபர் 12 முதல் வெளிநாட்டவரின் முகமும் விரலும் பதியப்படுகின்றன. இது இனி நிற்காது. என் கேள்வி ஒன்றுதான்: வாயில் மூடிக்கொண்டால், அந்த இடத்தில், அந்த நேரத்தில், நீ யார் என்று கேட்டு, பதிலைக் காதில் வாங்கி, பதிவைத் திருத்தும் அதிகாரமுள்ள ஒரு மனிதர் இருக்கிறாரா? பழைய குடிவரவு மேசையில் கடுகடுத்த முகமாவது இருந்தது. அந்த முகத்திடம் மன்றாடலாம், முறையிடலாம், மேலதிகாரியை அழையுங்கள் எனலாம். ஒருவரைத் தண்டிக்கும் முன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது நாங்கள் சட்டக் கல்லூரியில் முதல் வருடமே படிக்கும் இயற்கை நீதி. நாட்டுக்குள் நுழைய விடாமல் திருப்பி அனுப்புவதும், கடன்பட்டு விமானச் சீட்டு வாங்கிய ஏழைக்குத் தண்டனைதான்.

இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஓகஸ்டில் பிரிட்ஜஸ் வழக்கில் தந்த தீர்ப்பை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். சவுத் வேல்ஸ் பொலிஸார் தெருவில் முகமறியும் கமராக்களை வைத்த வழக்கு. கருவி நுட்பமானதா என்பதோடு நீதிபதிகள் நிற்கவில்லை. யாரைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்ப்பது என்பதற்குத் தெளிவான விதி இல்லை, பொலிஸாரின் விருப்பத்துக்கு அதிகம் விடப்பட்டிருக்கிறது என்று கண்டு, அந்த நடைமுறை சட்டத்துக்கு அமைவானதல்ல என்றார்கள். பட்டியலில் எப்படி ஏறினாய், எப்படி இறங்குவாய் என்பதே சட்டம் கேட்க வேண்டிய கேள்வி. நம் நாட்டின் 2022 இன் 9 ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் ஒரு விதை இருக்கிறது. இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவொன்று ஒருவரின் உரிமைகளை மீளமுடியாதபடி பாதிக்கக்கூடுமானால், அதை மீளாய்வு செய்யும்படி கோரும் உரிமையை 18 ஆம் பிரிவு வகுத்திருக்கிறது. ஆனால் வேறொரு எழுத்துச் சட்டம் அந்த முடிவுக்கு அதிகாரம் தந்திருந்தால் உரிமை விலகிவிடும். எல்லைக் கட்டுப்பாடு முழுவதும் எழுத்துச் சட்டத்தின் அதிகாரத்தில் நடப்பது. ஆகவே மிகவும் தேவையான இடத்தில் அந்த உரிமை கைவிட்டுப் போகக்கூடும். குடிவரவுச் சட்டத்துக்குள்ளேயே, தானியங்கி வாயில் மறுத்த ஒவ்வொருவரையும் அதிகாரி ஒருவர் நேரில் கேட்க வேண்டும், காரணத்தை அவருக்கு விளங்கும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று இரண்டு உபபிரிவுகள் சேர்ப்பதற்கு அதிக காகிதம் செலவாகாது.

சில வருடங்கள் கழித்து அக்கா கண்டியில் என்னைத் தேடி வந்தாள். திருச்சிப் பக்கத்துச் சொந்தங்களைப் பார்க்கப் போக வேண்டும், கடவுச்சீட்டு எடுக்க வேண்டும் என்றாள். எதிர்பார்த்தபடியே, அவளுடைய பிறப்புச் சான்றிதழுக்கு 2004 இலேயே கடவுச்சீட்டு வழங்கியாயிற்று என்று விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டது. நீதவானின் உத்தரவுப் பிரதி, செக்ரோல் பக்கங்கள், கிராம உத்தியோகத்தரின் கடிதம், தங்கச்சியின் சத்தியக் கடதாசி எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு விசாரணைக்கு அவளோடு போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி கோவையை முழுவதும் வாசித்தார். பிறகு கோவையை மூடிவிட்டு அக்காவிடமே கதையைச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். விரல் அடையாளம் எடுத்தார்கள். சில வாரங்களில் கடவுச்சீட்டு வந்தது, அவளுடைய பெயரில், அவளுடைய படத்தோடு.